குரோன் நோயும் வளரும் பருவமும்

உண்ட உணவு உடலிற் சேராதாயின் முதியோர்க்கு எடை குறையும். சிறுவர்க்கோ எடையோடு வளர்ச்சியும் குன்றும். குரோன் நோய் பற்றி ஆராய்வோர் முதற்கண் உளங்கொள்ளவேண்டிய வேறுபாடு இதுவேயாகும்.

1932ஆம் ஆண்டில் நியூயோர்க் மவுண்ட் சைனாய் வைத்தியசாலையைச் சேர்ந்த குரோன், கின்ஸ்பேர்க், ஓப்பன்ஹைமர் என்னும் மூவர் சிறுகுடலின் இறுதிப் பகுதியிலே தோன்றும் நாட்பட்ட அழற்சியொன்றை விவரித்தெழுதினர். வாய்முதற் குதம்வரை உணவுப்பாதையின் எப்பகுதியையும் அது பற்றக்கூடுமென்பது பின்னர்த் தெளிவாயிற்று. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே அடங்காது கிளர்ந்து குடற்சுவரைப் புண்படுத்துகின்றது. பரம்பரைக்கூறு, குடல்வாழ் நுண்ணுயிர்கள், சூழல் ஆகியன கூடி இதற்கு ஏதுவாகின்றன என்பர்.

வயிற்றுவலி, வயிற்றோட்டம், இரத்தசோகை, குதத்தருகே சீழ்க்கட்டி என்பன இதன் குறிகள். சில பிள்ளைகளிடத்து இவை வெளிப்படத் தோன்றா. உயரங் கூடாமையும் பருவமெய்தல் தாமதித்தலுமே முதற் குறிகளாய் அமையும். குடலைப் பற்றும் கசநோய் இதனை ஒத்திருத்தலின், அந்நோய் மிக்க நாடுகளில் இரண்டையும் பிரித்தறிதல் இன்றியமையாதது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கசநோயைப் பெருக்கிவிடுமன்றோ?

இந்நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றுமில்லை. அழற்சியைத் தணித்து, தணிந்த நிலையை நீடிக்கச் செய்தலே சிகிச்சையின் நோக்கம். ஸ்ரெரொயிட் மருந்துகள் விரைந்து பயன்தருமாயினும், நெடுநாட் கொள்ளின் வளர்ச்சியைத் தடுத்து எலும்பை நலிவிக்கும். ஆதலின், சிறார்க்குப் பெரும்பாலும் வேறு வழி முதலிற் கைக்கொள்ளப்படும். ஆறு முதல் எட்டு வாரம் வழக்கமான உணவை விலக்கி, போசணை நிறைந்த திரவ உணவொன்றையே அளிப்பர். இம்முறை ஸ்ரெரொயிட்டுக்கு நிகராக அழற்சியைத் தணிப்பதோடு உடலையுந் தேற்றும். நோய் கடுமையாயின், அழற்சியைத் தூண்டும் புரதத்தைத் தடுக்கும் இன்பிளிக்சிமாப் போன்றவை உதவும். இது சிறாரின் குரோன் நோய்க்கென ஐக்கிய அமெரிக்காவில் 2006இல் அங்கீகாரம் பெற்றது. குடல் ஒடுங்கி அடைபடின் சத்திரசிகிச்சை வேண்டப்படும்.

இவற்றிற் காலம் தாழ்த்தலாகாது. பருவவளர்ச்சியின் முடிவில் எலும்பின் வளர்தட்டுகள் மூடிக்கொள்ளும். அதன்பின் இழந்த உயரத்தை எம்மருந்தாலும் மீட்டல் இயலாது.

வைத்தியர் மட்டும் முயன்றாற் போதாது. வகுப்பினின்று அடிக்கடி மலசலகூடத்துக்குச் செல்லும் மாணவன் நாணத்தால் நோயை மறைப்பான். நலமுற்றதும் மருந்தைக் கைவிடுவான். அவனைக் கேள்வியின்றிச் செல்லவிடும் ஆசிரியரும், கடிந்துகொள்ளாது மருந்தை நினைவூட்டும் பெற்றோரும், ஏளனஞ் செய்யாத தோழரும் சிகிச்சையின் பங்காளரே யாவர்.