பத்தியம் வைத்தால் தோல் ஆறுமா?



பிள்ளையின் தோலில் சொரசொரப்போ புண்ணோ கண்டால் நம் வீடுகளில் முதலில் நடப்பது என்ன? "கரப்பான் பண்டம் கொடுக்காதே" என்று பாட்டி சொல்லிவிடுவார். முட்டை நிற்கும், மீன், கருவாடு, கத்தரிக்காய் எல்லாம் நிற்கும். ரசமும் சோறுமாக ஒரு மாதம் போகும். அப்படியும் ஆறவில்லையென்றால், பத்தியம் போதவில்லை என்று பருப்பையும் நிறுத்துவோம். வகுப்பறையில் நாள்தோறும் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் என்ற முறையில் நாங்கள் இதைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும். சில தோல் கோளாறுகள் உணவுக் குறைவால்தான் வருகின்றன. அந்தப் பிள்ளைக்குப் பத்தியம் வைப்பது, தாகத்தால் வாடுகிறவனிடமிருந்து தண்ணீரைப் பிடுங்குவது போன்றது.

முதலில் சொறி சிரங்கை ஒதுக்கிவிடுவோம். விரலிடுக்கிலும் இடுப்பிலும் இரவில் அரிப்பெடுக்குமே, அது மிகச் சிறிய பூச்சி ஒன்று தோலைத் துளைத்து முட்டையிடுவதால் வருவது. கத்தரிக்காய் என்ன செய்யும், பாவம்! கிளினிக்கில் தரும் மருந்தை வீட்டிலுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் பூசிக்கொள்ள வேண்டும். துணிகளை வெந்நீரில் துவைக்க வேண்டும். படர்தாமரைக்குக் காரணம் பூஞ்சை. அதற்கும் மருந்துதான் வழி.

இனி, குறைவால் வருபவை. சில பிள்ளைகளுக்கு வாயின் இரு ஓரங்களும் வெடித்து, கொட்டாவி விட்டால்கூட எரியும். இதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் வெள்ளைச் சோற்றையே நம்பி வாழும் பிள்ளைக்கு வந்தால், பி2 என்ற வைட்டமின் குறைவை நினைக்க வேண்டும். அது பாலிலும் முட்டையிலும் கீரையிலும் இருக்கிறது.

இன்னொன்று, முழங்கையிலும் முழங்காலிலும் மயிர்க்கால்தோறும் முள் முளைத்தாற்போல் தோல் தடித்துவிடுவது. இலங்கையில் பணிபுரிந்த நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1933ஆம் ஆண்டில் இதைப் பற்றி எழுதி, 'தேரைத் தோல்' என்று பொருள்படும் பெயரையும் வைத்தார். வைட்டமின் ஏ குறைவே காரணம் என்று முதலில் எண்ணினார்கள். நல்ல கொழுப்பும் பி வைட்டமின்களும் குறைந்தாலும் வரும் என்பது பின்னர் தெரிந்தது. இத்தகைய பிள்ளை அந்தி நேரத்தில் கண் தெரியாமல் தடுமாறினால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள், அது மாலைக்கண். கவனிக்காவிட்டால் பார்வையே போய்விடலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாம் வெட்டித் தள்ளும் செம்பனைக் குலையின் சிவப்பு நிறமே உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய சத்துதான். ஆலையில் எண்ணெயை வெளுத்துச் சூடேற்றிச் சுத்திகரிக்கும்போது அந்த நிறமும் போகிறது, சத்தும் போகிறது. அதற்காக ஆலையிலிருந்து பச்சை எண்ணெயை டின்னில் பிடித்து வந்துவிடாதீர்கள். அது அப்படியே உண்ணத்தக்கதன்று. வீட்டுக்குப் பின்னால் நிற்கும் முருங்கை போதும். பூசணி, காரட், கங்கோங், வள்ளிக்கிழங்குக் கொழுந்து எல்லாம் நல்லவை. ஒரு கரண்டி எண்ணெய் விட்டு வதக்குங்கள். கொழுப்பு இல்லாமல் அந்தச் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

கைக்குழந்தையின் தோல் உரிந்து, கால் வீங்கினால் அது புரதக் குறைவாக இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரிதான். இந்நோயை மருத்துவ உலகுக்கு விளக்கிய டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் அம்மையார், 1939இல் சிங்கப்பூரில் பேசியபோது, குழந்தைகளுக்கு டின் பால் கொடுப்பதைக் கொலைக்கு ஒப்பிட்டுக் கண்டித்தார். இனிப்பு டின் பால் தேநீருக்கு ஆகும். தொட்டில் பிள்ளைக்கு ஆகாது.

அப்படியானால் பாட்டி சொன்னது முழுவதும் தவறா? இல்லை. இறாலோ முட்டையோ தின்ற சில நிமிடங்களில், அல்லது ஓரிரு மணி நேரத்துக்குள், உடம்பெங்கும் தடிப்பு எழும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு அந்த ஒரு பண்டத்தை மட்டும் நிறுத்தி, டாக்டரிடம் காட்ட வேண்டும். உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அவசரம். ஒன்று ஒவ்வாததற்காக ஒன்பதை நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

வாய் ஓரப் புண்ணுள்ள பிள்ளைக்குக் காரத்தைக் குறையுங்கள், முட்டையை நிறுத்தாதீர்கள். நெத்திலியை வறுத்துப் பொடித்துச் சோற்றில் பிசைந்து கொடுக்கலாம். குறைவு காரணமானால், வாய்ப்புண் ஓரிரு வாரங்களில் ஆறத் தொடங்கும். தேரைத் தோலுக்கோ மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இரண்டு வாரமாகியும் புண் அப்படியே இருந்தால் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். போகும்போது பிள்ளை என்னென்ன சாப்பிடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.