மணியின் நாடி

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் வாயில் காக்கும் நாய் ஒன்று இருக்கும். பிழைப்பை நாடிச் சித்தூருக்கு வந்து, இரவுப் பணிக்குச் செல்லும் என் போன்ற ரயில்வே குமாஸ்தாவின் வீட்டிற்கு அது காவல் மட்டுமன்று, பிள்ளைகளுக்குத் துணையுமாகும். எங்கள் மணி அவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் வளர்ந்தது.

சென்ற கோடையில் மணி உணவை வெறுத்து மூலையிற் படுத்தது. விலாவின்மேற் கை வைத்தால் இதயம் படபடவென்று அடித்தது. "வயதாகிவிட்டது" என்றனர் கண்டோர். நானும் அதை நம்பி நான்கு நாட்களை வீணாக்கினேன். என் தகப்பனார் உட்கொள்ளும் இதய மாத்திரையிற் பாதியைக் கொடுக்கவும் துணிந்தேன். என் மனைவி தடுத்துவிட்டாள்.

ஐந்தாம் நாள் வாடகை வண்டி பிடித்துத் திருப்பதிக்குக் கொண்டு சென்றேன். 1955-ஆம் ஆண்டு அங்கே தொடங்கப்பெற்ற கால்நடை மருத்துவக் கல்லூரி, இப்போது ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததாகும்.

மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. பின்னந்தொடையின் உட்புறத்தில் விரல் வைத்து, 15 விநாடி நாடியை எண்ணி, நான்கால் பெருக்கினார். 180 வந்தது. அமைதியாக இருக்கும் நாய்க்கு நிமிடத்திற்கு ஏறக்குறைய 60 முதல் 140 வரை இருக்கலாம். சிறிய நாய்க்கு மிகுதி, பெரிய நாய்க்குக் குறைவு. புதிய இடத்தின் அச்சமும் நாடியை விரைவுபடுத்தும் என்பதால், வீட்டில் உறங்கும்போது எண்ணிய கணக்கே நம்பத்தக்கது என்றார்.

"இதயம் விரைவது நோயன்று; நோயின் அறிவிப்பு" என்பது அவர் கூறியதன் சாரம். சிவப்பு விளக்கைக் கண்டு விளக்கையா பழிப்பது? வலி, காய்ச்சல், நீர் வற்றுதல், இரத்தக் குறைவு யாவும் இதயத்தை விரட்டும். முதுமையில், சிறிய இன நாய்களுக்கு இதயத்தின் அடைப்பிதழ் பழுதாவதும், பெரிய இனங்களுக்கு இதயத் தசை தளர்வதும் உண்டு.

அடுத்து ஈ.சி.ஜி. எடுத்தனர். இக்கருவியின் வரலாற்றிலும் ஒரு நாய் உண்டு. 1887-இல் மனித இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்த வாலர் என்னும் அறிஞர், 1909-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் தம் நாய் ஜிம்மியின் கால்களை உப்பு நீரில் நிறுத்தி அதன் இதயத் துடிப்பைக் காட்டினார். அது கொடுமையன்றோ என்று பாராளுமன்றத்திலே கேள்வி எழுந்ததாம்!

மணியின் துடிப்பு விரைவாக இருந்ததேயன்றி, ஒழுங்கு தவறவில்லை. ஆனால் ஈறு வெளுத்திருந்தது. இரத்தத் துளியை நுண்ணோக்கியிற் பார்த்தபோது, உண்ணி வழியாகப் பரவும் கிருமி தென்பட்டது. அது சிவப்பணுக்களை அழித்ததால், எஞ்சிய இரத்தத்தைக்கொண்டு உடலைக் காக்க இதயம் ஓடி ஓடி உழைத்திருக்கிறது! நான் கொடுக்கவிருந்த மாத்திரை அந்த உழைப்பையே அடக்கியிருக்கும்.

மூன்று வாரச் சிகிச்சைக்குப்பின் மணியின் நாடி 96 ஆயிற்று. மாலையில் வாயிலுக்கு வந்து என்னை எதிர்கொண்டது.

அன்பர்களே! உங்கள் நாய் நலமாக இருக்கும்போதே அதன் நாடியை எண்ணிக் குறித்து வையுங்கள். உறக்கத்தில் மூச்சு நிமிடத்திற்கு 30-ஐத் தாண்டினாலும், ஈறு வெளுத்தாலும், மயங்கி விழுந்தாலும் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். மனிதர் மருந்தைத் தராதீர்கள். முதுமை என்னும் ஒரு சொல்லால் வாயற்ற உயிரின் வழக்கை முடித்துவிடலாகாது.