முடிவு தெரிந்த கதையை மறுபடி படிக்கிறோமே, ஏன் தெரியுமா?

டிராகுலாவாக வந்து உலகத்தையே நடுங்க வைத்தாரே கிறிஸ்டோபர் லீ, அவர் வருஷம் தவறாமல் ஒரே நாவலை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்துவந்தார், தெரியுமா? 1954-55இல் மூன்று பாகங்களாக வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’தான் அது! 2001இல் அது படமானபோது சாருமான் என்ற மந்திரவாதி வேஷம் அவருக்கே கிடைத்தது. அந்தப் படத்தின் நடிகர்களில் நாவலாசிரியர் டோல்கினை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது கூடுதல் சுவாரசியம்.

இவராவது நடிகர். நோபல் பரிசு வாங்கிய வில்லியம் ஃபாக்னர், செர்வான்டிஸின் ‘டான் கிஹோத்தே’யை ஆண்டுக்கு ஒரு முறை படிப்பதாகப் பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார். இன்னும் பின்னால் போனால் மாவீரன் அலெக்சாண்டர்! ஹோமரின் ‘இலியட்’ பிரதி ஒன்று அவனிடம் இருந்தது. அவனுடைய வாத்தியார் அரிஸ்டாட்டில் திருத்திக் கொடுத்த பிரதி. அதையும் ஒரு குத்துவாளையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் தூங்குவானாம். சொல்கிறவர் புளூடார்க். பாரசீக மன்னன் டேரியஸிடமிருந்து பிடுங்கிய விலை மதிப்பற்ற பேழை வந்து சேர்ந்தபோது, அதற்குள் எதை வைக்கலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொல்ல, அவன் வைத்தது இலியட்டை!

நம் ஊரில் மட்டும் என்னவாம்? ‘பொன்னியின் செல்வனை எத்தனை தடவை படித்திருக்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘படித்திருக்கிறாயா?’ என்று கேட்டால்கூடச் சிலருக்குக் கோபம் வரும். எண்ணிக்கையைத்தான் கேட்க வேண்டும்! 1950 அக்டோபரில் கல்கி இதழில் தொடங்கி 1954 வரை வாராவாரம் வந்த தொடர் இது. முடிந்த அதே ஆண்டு டிசம்பரில் அதை எழுதிய கல்கி காலமானார். அதற்குப் பிறகும் அதே பத்திரிகை அதே தொடரைப் பல முறை மறுபடி மறுபடி வெளியிட்டது, வாசகர்களும் அலுக்காமல் வாங்கினார்கள்! முடிவு தெரிந்த கதைக்கு அடுத்த இதழ் எப்போது வரும் என்று காத்திருப்பதா? காத்திருந்தார்கள். இதழிலிருந்து பக்கங்களை மட்டும் உருவியெடுத்து, மணியம் வரைந்த படங்கள் கசங்காமல் அடுக்கி, ஊசி நூலால் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்த வால்யூம்கள் இன்றும் பல வீட்டுப் பரண்களில் உண்டு. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆன பிறகு, யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்றாகி, புத்தகக் கண்காட்சியில் திரும்பிய பக்கமெல்லாம் அதே ஐந்து பாகம்!

இதில் ஒரு ரகசியம் இருக்கிறது. நாவலின் மையமான கொலையை யார் செய்தது என்று கல்கி கடைசிவரை தீர்மானமாகச் சொல்லவில்லை! கடம்பூர் மாளிகை, இருட்டு அறை, அணைந்துபோன விளக்கு, கீழே சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனின் உடல். அந்த மாளிகைக்குள் அன்றிரவு காரணத்தோடு நடமாடியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. பின்னால் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறார், ஆனாலும் சந்தேகம் தீர்வதில்லை. ஆகவே வாசகர் என்ன செய்வார்? பக்கங்களைத் திருப்பிக்கொண்டு முதல் பாகத்துக்கே போவார், தடயம் தேடி.

போனால்தான் வேடிக்கை! ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீராணம் ஏரிக்கரையில் குதிரையில் வருகிறானே, அவன் அடுத்ததாக நுழையும் வீரநாராயணபுரம்தான் இன்றைய காட்டுமன்னார்கோயில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் சுவரில், முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலபுலன்களைப் பறிமுதல் செய்த விஷயம் அதில் வருகிறது. பெயர்கள் சோமன், ரவிதாசன், பரமேசுவரன்! அதாவது குற்றவாளிகளின் பெயர் பொறித்த ஊர் வழியாகத்தான் கல்கி தம் கதாநாயகனை ஆரம்பத்திலேயே ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார். முதல் வாசிப்பில் அது வெறும் ஊர். அதே இடத்தில் ஒரு மூடுபல்லக்கு போகும், திரை விலகும், ஒரு பெண்முகம் தெரியும். முதல் முறை ‘யாரோ அழகி’ என்று தாண்டிவிடுவோம். இரண்டாம் முறை அது யார் என்று நமக்குத் தெரியும், வந்தியத்தேவனுக்குத் தெரியாது! பல்லக்கைக் கண்டாலே இதற்குள் நந்தினியா, மதுராந்தகனா என்று மனசு ஆராயத் தொடங்கிவிடுகிறது. முடிவு தெரிந்தால் சுவை போய்விடும் என்று யார் சொன்னது? முடிவு தெரிந்தவருக்குத்தான் கல்கி செய்த ஜாலமே கண்ணில் படும்.

இதை ஆராய்ச்சிக்கூடத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், தெரியுமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள். ஆண்டு 2011. அகதா கிறிஸ்டி, செக்காவ், ரோல்ட் டால் போன்றவர்களின் 12 சிறுகதைகளை எடுத்துக்கொண்டார்கள். சிலருக்குக் கதையை அப்படியே கொடுத்தார்கள். சிலருக்கு முடிவை முன்கூட்டியே போட்டு உடைத்துவிட்டுக் கொடுத்தார்கள். போட்டு உடைக்கப்பட்டவர்கள் திட்டித் தீர்த்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை! அவர்கள்தான் கதைக்கு அதிக மதிப்பெண் போட்டார்கள், துப்பறியும் கதைக்கும் சேர்த்து! பின்னால் வந்த சில ஆய்வுகள் நேர்மாறாகவும் சொல்லியிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனவே பக்கத்து சீட்டில் துப்பறியும் நாவல் படிப்பவரிடம் கொலையாளி பெயரைச் சொல்லிவிட்டு இந்த ஆய்வைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள்.

இன்னொரு விசித்திரம்! ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி என்பது அந்த நாட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ரிச்சர்ட் கெரிக் என்ற உளவியலாளர் 1980களின் கடைசியில், ‘அவர் பதவியை ஏற்பாரோ மாட்டாரோ’ என்று இழுபறியாக ஒரு சின்னப் பத்தியைப் படிக்கக் கொடுத்தார். பிறகு ‘அவர் முதல் ஜனாதிபதி ஆனார், சரியா தப்பா?’ என்று கேட்டார். தெரிந்த விஷயத்துக்கே ஆட்கள் ஒரு கணம் தடுமாறிப் பதில் சொன்னார்கள்! கதைக்குள் போய்விட்டால், தெரிந்ததும் தெரியாத மாதிரி ஆகிவிடுகிறது. விடிய விடிய பாரதக் கூத்துப் பார்க்கும் கிராமத்தில் அபிமன்யு சாகப்போவது தெரியாத ஆள் யார்? இருந்தும் அவன் சக்கர வியூகத்துக்குள் நுழையும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறதே!

மூன்று வயசுக் குழந்தை ‘அதே கதை சொல்லு’ என்று உயிரை வாங்குகிறதா? வாங்கட்டும்! இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வெவ்வேறு கதைகளைக் கேட்ட குழந்தைகளைவிட ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்ட குழந்தைகள்தான் அதே புதுச் சொற்களை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் பரீட்சைக்குப் படிக்கும் அண்ணன், அக்காமார்கள் இதைக் கேட்டு மகிழ வேண்டாம்! 2006இல் அமெரிக்காவில் ரோடிகரும் கார்பிக்கும் செய்த சோதனையில், பாடத்தை மறுபடி படித்தவர்கள் 5 நிமிஷம் கழித்து வைத்த தேர்வில் ஜெயித்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, புத்தகத்தை மூடிவைத்துவிட்டுத் தங்களுக்குத் தாங்களே சொல்லிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நாவலுக்கு நல்லது பாடப்புத்தகத்துக்கு ஆகவில்லை!

சின்ன வயசில் படித்த நாவலை நாற்பது வயசில் எடுத்தால், ‘இந்தக் காட்சி இப்படி இல்லையே!’ என்று திகைக்கிறோம். அச்சகத்தான் மாற்றிவிட்டானா? கிடையாது! கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபிரடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் இதற்கு விடை இருக்கிறது. வட அமெரிக்கப் பழங்குடிகளின் பேய்க்கதை ஒன்றை ஆங்கிலேயர்களுக்குக் கொடுத்து, சில நாள், சில மாதம் கழித்துச் சொல்லச் சொன்னார். அவரவர் இஷ்டத்துக்குக் கதையை மாற்றியிருந்தார்கள்! பழங்குடிகளின் மரத்தோணி அவர்கள் ஊர்ப் படகாகிவிட்டது. புரியாத பேய் நழுவிப்போனது. சொன்னவர்களுக்கோ தாங்கள் மாற்றியது தெரியவே தெரியாது. நாமும் அப்படித்தான். இத்தனை வருஷம் நாம் மனசில் வைத்துக் கொண்டாடியது நாமே திருத்தி எழுதிய பிரதியை! அசலைக் கையில் எடுக்கும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. கிறிஸ்டல் ரஸ்ஸல், சிட்னி லெவி இருவரும் படித்ததையே படிப்பவர்கள், பார்த்ததையே பார்ப்பவர்கள் என்று 23 பேரைப் பேட்டி கண்டு 2012இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பழைய நினைவுக்காக மட்டும் அவர்கள் திரும்பவில்லையாம். தாங்கள் எவ்வளவு மாறிவிட்டோம் என்று பார்க்கவும் திரும்பினார்களாம்!

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் உ.வே.சாமிநாதையரிடம் சேலம் இராமசாமி முதலியார், ‘சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனவருக்கு அந்த ஒரு கேள்வியில் வாயடைத்துப்போனது. பிரதியைக் கையில் வாங்கினால் சமண சமயச் செய்திகள் புரியவில்லை. யாரிடம் கேட்பது? விசாரித்துக்கொண்டு அதே ஊரில் ஒரு சமணர் வீட்டுக்குப் போனார். வாசலில் தோரணம்! என்ன விசேஷம் என்றால், அந்த வீட்டில் சீவக சிந்தாமணியைப் படித்து, பொருள் கேட்டு, அன்றுதான் பூர்த்தி செய்திருக்கிறார்கள்! தமிழ்ப் பண்டிதர்கள் கைவிட்ட காப்பியத்தை, நாலு தெரு தள்ளி ஒரு கூட்டம் விழா எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறது! 1887இல் சிந்தாமணி அச்சேறியதற்குப் பின்னால் அந்தத் தோரணம் கட்டிய வீட்டாருக்கும் பங்கு உண்டு.

அதே நூலுக்கு உரை எழுதிய நச்சினார்க்கினியர் கதை தெரியுமா? அவர் எழுதிய முதல் உரையைச் சமணர்கள் ஏற்கவில்லையாம். உடனே சமண நூல்களைப் பாடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிந்தாமணியை மறுபடி முதலிலிருந்து படித்து, இரண்டாவது தடவையாக உரை எழுதினார் என்று கர்ண பரம்பரையாகச் சொல்கிறார்கள். கோபித்துக்கொண்டு ஏட்டை வீசவில்லை பாருங்கள், அதுதான் பெரிய மனசு! வைணவத்தில் இதையும் மிஞ்சுவார் நஞ்சீயர். நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கு நூறு முறை முழுதாகப் பொருள் சொன்னவர் என்று குருபரம்பரை கொண்டாடுகிறது. அவருடைய சீடர் நம்பிள்ளை பகலில் சொன்ன விளக்கத்தை வடக்குத் திருவீதிப்பிள்ளை இரவில் எழுதிவைத்ததுதான் ‘ஈடு’ என்ற முப்பத்தாறாயிரப்படி!

எல்லோருக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றியபோது, கரையிறங்கி அலைகையில் ஒரே ஒரு புத்தகம்தான் எடுத்துப்போக முடியும் என்றால் சார்லஸ் டார்வின் எடுத்தது மில்டனின் ‘பாரடைஸ் லாஸ்ட்’. பள்ளி நாளில் ஷேக்ஸ்பியர் என்றால் உயிர். முதுமையில் ஆசையாக ஷேக்ஸ்பியரை எடுத்துப் பிரித்தார். குமட்டும் அளவுக்குச் சலிப்பு! சுயசரிதையில் அவரே வருத்தத்தோடு எழுதிவைத்திருக்கிறார். உண்மைகளை அரைத்துத் தள்ளும் இயந்திரமாகத் தம் மூளை ஆகிவிட்டதோ என்று அந்த மேதைக்கே சந்தேகம்!

சலிக்காமல் கேட்டவர்களும் உண்டு! கியூபாவின் சுருட்டு ஆலைகளில் அந்தக் காலத்தில், தொழிலாளிகள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை உயரமான மேடையில் உட்காரவைத்து, உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். ஹவானாவில் 1865இல் தொடங்கிய பழக்கம். என்ன படிப்பது என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். அலெக்சாந்தர் தூமாவின் ‘மான்டி கிறிஸ்டோ’வை அவர்கள் விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் 1935இல் வந்த சுருட்டுக்கு மான்டிகிறிஸ்டோ என்று பெயர் வந்தது!

மறுவாசிப்பையே வழிபாடாக்கியவர்களும் உண்டு. யூதர்களின் தொழுகைக்கூடத்தில் ஆண்டு முழுக்கத் தங்கள் வேதமான தோராவைப் பகுதி பகுதியாகப் படித்துவந்து, சிம்ஹாத் தோரா பண்டிகையன்று கடைசிப் பகுதியை முடிப்பார்கள். முடித்த கையோடு, அதே நாளில் ‘ஆதியாகமம்’ முதல் வரியிலிருந்து மறுபடி ஆரம்பம்! அவர்களுடைய சட்ட நூலான தால்முதுக்கும் ஒரு கணக்கு உண்டு. தினம் ஒரு ஏடு, மொத்தம் 2,711 ஏடு, ஏறக்குறைய ஏழரை ஆண்டு. 1923இல் தொடங்கியது, 2020 ஜனவரியில் பதினாலாவது சுற்று ஆரம்பமானது.

வேதம் என்றால் சரி, நாவலுக்கு இப்படி நடக்குமா என்கிறீர்களா? ஜேம்ஸ் ஜாய்ஸ் 1939இல் வெளியிட்ட ‘ஃபின்னகன்ஸ் வேக்’ இருக்கிறதே, படிக்கவே முடியாத நாவல் என்று உலகப் புகழ் பெற்றது! அதன் கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து நிற்கும். மீதிப் பாதிதான் புத்தகத்தின் முதல் வாக்கியம். கலிபோர்னியாவின் வெனிஸ் நகரில் ஒரு குழு 1995இல் அதைப் படிக்க உட்கார்ந்தது. கூட்டத்துக்கு ஒரு பக்கம், இரண்டு பக்கம் என்று நகர்ந்து, 2023 அக்டோபரில், 28 ஆண்டு கழித்து, 628ஆம் பக்கத்தைத் தொட்டார்கள். ‘அடுத்து என்ன புத்தகம்?’ என்று கேட்டவர்களுக்கு அடுத்த புத்தகமே கிடையாது என்று பதில் வந்தது. நவம்பரில் மறுபடி கூடினார்கள். அந்த நாவல் அச்சில் தொடங்குவது 3ஆம் பக்கத்தில். அதைப் பிரித்துவைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்!