மூடியில் உள்ள எழுத்து பில்லிலும் வரட்டும்

யாழ்ப்பாணத்துக் குருநகரில் வலை வாங்கப் போகிறவர் "நைலோன் வலை" என்று மட்டும் கேட்டுக் காசை நீட்டமாட்டார். நூல் எத்தனை இழை, கண் எவ்வளவு என்று விரல் வைத்துப் பார்த்துத்தான் விலை பேசுவார். அதே வீட்டுப் பிள்ளைக்குக் கணினி வாங்கும்போது மட்டும் "ஐ5 தானே?" என்ற ஒரே கேள்வியோடு பேரம் முடிந்துவிடுகிறது. யாழ். நகரக் கடையில் வாங்கினாலும், பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய் வாங்கினாலும், இணைய விளம்பரம் பார்த்து வாங்கினாலும் இதே கதைதான்.

ஐ5 என்பது 2009 முதல் இன்டெல் விற்றுவரும் ஒரு புரொசசர் வரிசையின் பெயர், அவ்வளவே. அதற்குப் பின்னால் வரும் எண்தான் தலைமுறையைச் சொல்லும். 3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 8400 என்றால் எட்டாவது, 12400 என்றால் பன்னிரண்டாவது. இன்டெல் வரிசையில் விண்டோஸ் 11க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசொஃப்ட்டின் நிபந்தனை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. ஆகவே "ஐ7 லப்டொப், மலிவு" என்ற விளம்பரத்தில் முழு எண் இல்லையென்றால், அது தற்செயலாக விடுபட்டதென்று நான் நம்பமாட்டேன்.

முழு எண் தெரிந்தாலும் அதற்குள்ளே இன்னொரு அடுக்கு இருக்கிறது. ஒரே பெயருள்ள புரொசசரைத் தயாரிப்பாளர் இடையிடையே திருத்தி வெளியிடுவார். அந்தத் திருத்தப் பதிப்பைத்தான் ஸ்டெப்பிங் என்கிறார்கள். 1994இல் பென்டியம் புரொசசர்கள் சில வகுத்தல் கணக்குகளில் பிழையான விடை தருவது தெரியவந்தது. தேவையை நிரூபிப்பவர்களுக்கே மாற்றித் தருவோம் என்று முதலில் நின்ற இன்டெல், எதிர்ப்பு வலுத்ததும் அந்த டிசெம்பரில் கேட்டவர் எல்லோருக்கும் மாற்றிக் கொடுக்க இணங்கியது. அதற்காக ஒதுக்கிய தொகை 475 மில்லியன் டொலர். (யாழ்ப்பாணத்தில் அப்போது மின்சாரமே இல்லை. இங்கே அந்தக் கவலை எவருக்கும் வந்திருக்காது.) பிழையுள்ளதும் திருத்தியதும் வெளியில் ஒரே பென்டியம்தான். பிரித்துக் காட்டியது மேலே பொறித்திருந்த சிறு குறியீடு.

அந்தக் குறியீடு இன்றும் இருக்கிறது. இன்டெல் புரொசசரின் உலோக மூடியில் பெயருக்குக் கீழே, எஸ் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஐந்து எழுத்து, எண் கலவையைப் பாருங்கள். ஐ5-12400 இல் எஸ்ஆர்எல்4வி என்று இருந்தால் அது சி0 பதிப்பு. பெரிய சில்லொன்றில் சில பகுதிகளை முடக்கிச் செய்தது. எஸ்ஆர்எல்5வை என்றால் எச்0. ஆறு கோர்களோடே பிறந்த சிறிய சில்லு. இந்த இரண்டில் எது கிடைத்தாலும் வேகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்காகக் கடைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

மல்லுக்கட்ட வேண்டிய இடம் வேறு. குறியீடு எஸ் இல்லாமல் க்யூ எழுத்தில் தொடங்கினாலோ, "இன்டெல் கொன்ஃபிடென்ஷியல்" என்று பொறித்திருந்தாலோ, அது விற்பனைக்கு வரக்கூடாத பரிசோதனை மாதிரி. அதற்கு உத்தரவாதம் கிடையாது. பயொஸ் புதுப்பித்த மறுநாள் மதர்போட் அதை ஏற்காமலும் போகலாம். கணினிக்குள் இப்படியானது சில வேளை "ஜெனுயின் இன்டெல் சிபியு 0000" என்று தன்னைக் காட்டும்.

பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறை ஐ7, ஐ9, கே எழுத்துள்ள ஐ5 ஆகியவற்றைப் பழையதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் இவற்றில் பல காலப்போக்கில் பழுதடைந்தன. 2024 ஓகஸ்டில் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் வெளியிட்டது. பெட்டியில் வந்தவற்றின் உத்தரவாதத்தையும் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக நீட்டியது. ஆனால் ஏற்கனவே கெட்டுப்போனதைத் திருத்தம் மீட்காது. பெட்டியும் முதல் பில்லும் இல்லாத ஐ9 எவ்வளவு மலிவென்றாலும் நான் தொடமாட்டேன்.

லப்டொப்பில் மூடியைப் பார்க்க வழியில்லை. சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை யூஎஸ்பியில் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கள். விண்டோஸ் காட்டும் பெயரை மாற்றிவைக்க முடியும். இந்த மென்பொருள் கோர் எண்ணிக்கை, ஸ்டெப்பிங் எல்லாவற்றையும் காட்டிவிடும். ஏஎம்டி ரைசன் 7000 லப்டொப் என்றால் மூன்றாவது இலக்கத்தைக் கவனியுங்கள். 7520யூ என்பது புதிய பெயர் சூட்டிய சென் 2. அந்த வடிவமைப்பு 2019ஆம் ஆண்டுக்குரியது. 7540யூ தான் சென் 4. இது தயாரிப்பாளரே வைத்த பெயர் என்பதால் சட்டப்படி கடைக்காரரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

மேசைக் கணினியைக் கடையிலேயே பூட்டித் தருவார்கள். குளிர்விக்கும் ஃபான் ஏறிவிட்டால் மூடி மறைந்துவிடும். ஆகவே முன்கூட்டியே சொல்லுங்கள்: "அண்ணை, ஃபான் பூட்டமுதல் மேல்பக்கத்தை ஒருக்காக் காட்டுங்கோ, படம் எடுக்கவேணும்." பிறகு அந்தக் குறியீட்டையும், அதற்குக் கீழுள்ள தொகுதி எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தொகுதி எண்ணின் இரண்டாவது எழுத்து தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் வாரம். "புதுச் சரக்கு" என்ற பேச்சைச் சரிபார்க்க அது போதும்.

பில்லில் "ஐ5 பிசி - 1" என்று மட்டும் இருந்தால், பிறகு எதை வைத்து முறையிடுவீர்கள்? 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. பொருளின் தரம் பற்றிப் பொய் சொல்லி விற்பது குற்றம். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்கவேண்டும். விசாரித்தபின் மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு வழங்கவோ அதிகார சபை கட்டளையிடலாம். வழி கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கடைக்காரர் "பார்ப்பம், அடுத்த கிழமை வாங்கோ" என்று இழுத்தடிக்கும்போது ஓடுவது இந்த மூன்று மாதம்தான்.

இணைய விளம்பரம் போட்டுத் தன் பழைய கணினியை விற்கும் தனியாள் வியாபாரி அல்ல. அந்தச் சட்டம் அவரிடம் உதவாது. பேசித் தீராவிட்டால் மத்தியஸ்த சபைதான். அங்கே காட்ட உங்களிடம் இருக்கக்கூடியவை விளம்பரத்தின் படமும், வாட்ஸ்அப் செய்திகளும், அவர் அனுப்பிய மூடியின் படமும். விற்றதும் விளம்பரத்தை அழித்துவிடுவார்கள். காசு அனுப்பமுன் அதைப் படம்பிடித்து வையுங்கள்.