"க்" போனால் ஊர் போச்சு!

மதுரை அருகே, யானைமலை அடிவாரத்தில் உள்ள ஊர் ஒத்தக்கடை. சிலர் "ஒத்தகடை" என்றும் எழுதுவார்கள். நமக்கு இரண்டும் ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கோ வேறு வேறு!

உதவித்தொகைப் பட்டியலில் "ஒத்தக்கடை" என்று தேடச் சொன்னால், "க்" இல்லாத பிள்ளைகளை அது விட்டுவிடும்.

இதற்கு வழி உண்டு. "பைத்தான்" என்ற கம்ப்யூட்டர் மொழியில், ஒத்த(க்)?கடை என்று எழுதித் தேடவேண்டும். "அடைப்புக்குள் உள்ளது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்பதே கேள்விக்குறியின் பொருள். இரண்டு பெயரும் அகப்பட்டுவிடும்!

இப்படித் தேடும் முறை ஒன்றை 1968-ல் வெளியிட்டவர், அமெரிக்கர் கென் தாம்சன்.

ஒரு புள்ளி எழுத்து விட்டுப்போனதற்காக ஏழைப் பிள்ளையின் பணம் நின்றுவிடலாமா?