பாஸ்டன் தெருக்களில் போதகர்களும் போலீசாரும்

இரவு வெகுநேரமாகியும் வீடு திரும்பாத மகன் எங்கே, யாருடன் இருக்கிறான் என்ற கலக்கம் பெருநகரங்களில் வாழும் பெற்றோருக்குப் புதிதன்று. அமெரிக்காவின் பழமையான நகரங்களுள் ஒன்றாகிய பாஸ்டனில் ஒரு காலத்தில் இக்கலக்கம் மரணபயமாகவே இருந்தது. 1990-ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரில் 152 பேர் கொலையுண்டார்கள். 1999-ஆம் ஆண்டிலோ அந்த எண்ணிக்கை 31 ஆகக் குறைந்தது. இந்த மாறுதலைப் பலர் 'பாஸ்டன் அற்புதம்' என்று அழைத்தார்கள். அற்புதங்களை விசுவாசிக்கிற நாம், இதற்குப் பின்னால் மனிதர் எடுத்த பிரயாசம் இன்னதென்று அறிந்துகொள்வது நல்லது.

துப்பாக்கி ஏந்திய பிள்ளைகள்

1980-களின் பிற்பகுதியில் 'கிராக்' எனப்படும் கொக்கெயின் போதைப்பொருள் பாஸ்டனுக்குள் பரவியது. கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ராக்ஸ்பரி, டார்செஸ்டர், மாட்டபான் ஆகிய பகுதிகள் அதனால் சீரழிந்தன. வேலைவாய்ப்பு குறைந்த அத்தெருக்களில், போதைப்பொருள் வியாபாரம் வாலிபருக்கு விரைவில் பணம் தந்தது. வியாபாரத்தைக் காக்கக் கும்பல்கள் எழும்பின. கும்பல்களைக் காக்கத் துப்பாக்கிகள் வந்தன. நாளடைவில் பணத்தைக் காட்டிலும் பழிவாங்குதலே பெரிதாயிற்று.

போலீசாரோ கறுப்பின வாலிபரைத் தெருவில் நிறுத்திச் சோதனையிடுவதையே வழியாகக் கொண்டனர். 1989 அக்டோபரில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்ற வெள்ளையர், தம்மையும் கர்ப்பிணியான தம் மனைவியையும் ஒரு கறுப்பினத்தவர் சுட்டதாகப் புகார் செய்தார். மனைவியும் குழந்தையும் இறந்தனர். போலீசார் மிஷன் ஹில் பகுதியில் வாலிபரைக் கூட்டங்கூட்டமாகச் சோதனையிட்டனர். கொலைக்குக் காரணம் ஸ்டூவர்ட்தான் என்று 1990 ஜனவரியில் அவருடைய சொந்தச் சகோதரரே வெளிப்படுத்தினார். ஸ்டூவர்ட் பாலத்திலிருந்து குதித்து மாண்டார். அப்போது இழைக்கப்பட்ட அநீதிக்காக 2023 டிசம்பரில் மேயர் மிஷெல் வூ பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்நாட்களில் கறுப்பின மக்களுக்குப் போலீசார்மீது நம்பிக்கை அற்றுப்போயிருந்தது. நம்பிக்கை அற்ற இடத்தில் சாட்சி சொல்ல எவரும் முன்வருவதில்லை. சாட்சி இல்லாத இடத்தில் கொலைகாரர் துணிகரங்கொள்கிறார்கள்.

ஆலயத்துக்குள் வந்த வன்முறை

1992 மே மாதத்தில் மாட்டபானிலுள்ள மார்னிங் ஸ்டார் பாப்டிஸ்ட் சபையில், கொலையுண்ட வாலிபர் ஒருவரின் அடக்க ஆராதனை நடந்துகொண்டிருந்தது. கும்பலைச் சேர்ந்தவர்கள் உள்ளே புகுந்து, அங்கிருந்த ஒரு வாலிபரைத் துக்கங்கொண்டாட வந்தவர்களின் கண்முன்பாகவே அடித்துக் கத்தியால் குத்தினார்கள். சபைகளை உலுக்கியெழுப்பியது இச்சம்பவமே. தெருவுக்குச் சபை செல்லாதிருந்ததால், தெரு சபைக்குள் வந்துவிட்டது.

அவ்வாண்டில் 'பாஸ்டன் டென் பாயின்ட் கோலிஷன்' என்ற கூட்டமைப்பு உருவானது. பத்து அம்சத் திட்டம் ஒன்றை வெளியிட்டதால் அதற்கு இப்பெயர் உண்டாயிற்று. போதகர்கள் யூஜின் ரிவர்ஸ், ஜெஃப்ரி பிரவுன், மருத்துவருமாகிய ரே ஹாமண்ட் ஆகியோர் அதில் முன்னின்றனர். இவர்களுள் ரிவர்ஸ் பெந்தெகொஸ்தே ஊழியர். 1906-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எழுப்புதல் உண்டான அசூசா தெருவின் பெயரையே தம் சபைக்குச் சூட்டியிருந்தார். டார்செஸ்டரின் ஆபத்தான பகுதியிலேயே குடியிருந்த அவருடைய வீட்டின்மீது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தபோதும் அவர் இடம்பெயரவில்லை.

இப்போதகர்கள் வெள்ளிக்கிழமை இரவுகளில் பத்து மணிமுதல் தெருக்களில் நடந்தார்கள். முதல் வாரங்களில் வாலிபர் அவர்களைத் தூரத்திலிருந்து கவனித்தார்களேயன்றி நெருங்கவில்லை. சில நாட்கள் வந்து, படம் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று எண்ணினார்கள். வாரந்தோறும் திரும்பத் திரும்ப வந்ததைக் கண்டபின்பே பேசத் தொடங்கினார்கள். போதகர்களும் பிரசங்கம் பண்ணுவதை நிறுத்திவைத்து, முதலாவது செவிகொடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மன்னிப்புக் கேட்ட காவல்துறை

காவல்துறையிலும் மாறுதல் உண்டாயிற்று. 1992-இல் போலீசாரும், தண்டனைக்குப் பதிலாகக் கண்காணிப்பில் விடப்பட்டவர்களை மேற்பார்வையிடும் நன்னடத்தை அலுவலர்களும் இணைந்து இரவில் வீடுவீடாகச் செல்லத் தொடங்கினார்கள். மகனைக் கட்டுப்படுத்த இயலாது தவித்த தாய்மார் பலருக்கு இது துணையாயிற்று.

1994 மார்ச்சில் ஒரு பெருந்தவறு நேர்ந்தது. போதைப்பொருளைத் தேடிவந்த போலீசார் தவறான வீட்டின் கதவை உடைத்து, 75 வயதான ஓய்வுபெற்ற மெதடிஸ்ட் போதகர் ஒருவருக்கு விலங்கிட்டனர். அவர் மாரடைப்பால் மரித்தார். காவல்துறைத் தலைவர் பால் எவன்ஸ் தாமதமின்றி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நகரம் கலவரத்துக்குள்ளாகாமல் காக்கப்பட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

சிலர் செய்தது, எல்லார்மீதும் விழுந்த பழி

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் கென்னடியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு முக்கியமான ஓர் உண்மையைக் காட்டியது. ஏறத்தாழ 1,300 பேரைக் கொண்ட 61 கும்பல்களே வாலிபர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதத்துக்குக் காரணமாயிருந்தன. நகரத்தின் வாலிபருள் இவர்கள் நூற்றில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே ஒரு பகுதியின் வாலிபர் அனைவரையும் சந்தேகிப்பது அநீதி மட்டுமல்ல, வீண் வேலையுமாகும்.

1996-இல் 'ஆபரேஷன் சீஸ்ஃபயர்' என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. கும்பல் உறுப்பினர்களை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, ஒரே செய்தியைப் பலர் வாயால் கூறினார்கள். உங்களில் ஒருவர் சுட்டாலும் கும்பல் முழுவதன்மீதும் சட்டம் பாயும் என்று போலீசார் எச்சரித்தனர். விட்டுவிட விரும்பினால் வேலைக்கும் படிப்புக்கும் வழி செய்கிறோம் என்று போதகர்களும் தெருப் பணியாளர்களும் கூறினர். முன்பே பல குற்றங்களில் தண்டிக்கப்பட்ட ஒருவருக்கு, ஒரேயொரு தோட்டா வைத்திருந்ததற்காக ஏறத்தாழ 20 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது துண்டுப்பிரசுரமாகவே அச்சிடப்பட்டது. போதகர்கள் திருந்தக்கூடிய வாலிபருக்காகப் பரிந்துபேசினார்கள். கொலைசெய்கிறவனுக்காகப் பரிந்துபேச மறுத்தார்கள். போலீசார் வரம்பு மீறியபோது அவர்களையும் கண்டித்தார்கள். இருதரப்பாரும் அவர்களை நம்பியதற்கு இந்த நடுநிலையே காரணம்.

24 வயதுக்குட்பட்ட வாலிபரின் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக அத்திட்டத்தைப் பற்றிய ஆய்வு கூறியது. அக்காலத்தில் நியூயார்க் போன்ற பிற நகரங்களிலும் கொலைகள் குறைந்ததால், பலன் முழுவதும் இத்திட்டத்தினாலேயே உண்டானதா என்று ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு.

விழிப்பு தளர்ந்தபோது

வெற்றிக்குப் பின் வந்தது சோதனை. 2000-இல் திட்டம் கைவிடப்பட்டது. புகழ் யாருக்கு என்ற மனத்தாங்கலும் எழுந்தது. கொலைகள் மீண்டும் பெருகி, 2010-இல் 70-ஐத் தாண்டின. அதற்குள் 2007-இல் திட்டம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. பலன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. பல ஆண்டுகளின் உழைப்புக்குப் பின் 2024-இல் பாஸ்டனில் நடந்த கொலைகள் 24 மட்டுமே. 1957-க்குப் பின் இதுவே மிகக் குறைந்த எண்ணிக்கை.

அந்நிய நகரத்தில் குடியிருந்த ஜனங்களுக்கு எரேமியா எழுதிய நிருபம், தாங்கள் வாழும் நகரத்தின் சமாதானத்தைத் தேடும்படி அவர்களுக்குப் போதித்தது. பாஸ்டன் போதகர்கள் ஜெப அறையிலும் தேடினார்கள். தெருவிளக்கின் கீழும் தேடினார்கள். ஊரை விட்டு நகரத்தில் குடியேறிய நம் சபைகளைச் சுற்றிலும் தெருமுனைகள் உண்டு; அங்கே நிற்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுள் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?