கும்பிட்டால் காணாமல் போகும் கைகள்

மெய்நிகர் உலகத்துக்குள் அழைத்துப்போகும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எதிரே நிற்கும் கணினிப் பெண்ணுக்கு வணக்கம் சொல்லக் கை குவிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளுக்கு முன்பு வந்த கருவியாக இருந்தால், உள்ளங்கைகள் ஒட்டிய நொடியில் அங்கே உங்கள் கைகள் மறைந்துபோகும். இல்லாவிட்டால் விரல்கள் கோணல்மாணலாகத் திருகிக்கொண்டு நிற்கும். ஹெட்செட்டின் கேமராக்கள் கையைப் படம்பிடித்து, மணிக்கட்டு, மூட்டுகள், விரல் நுனிகள் என்று இருபதுக்கும் மேற்பட்ட புள்ளிகளைத் தேடி, அவற்றை இணைத்துத்தான் கையின் வடிவத்தை ஊகிக்கின்றன. கும்பிட்ட கையில் ஒன்று மற்றொன்றை மறைக்கிறது. எந்த விரல் எந்தக் கையைச் சேர்ந்தது என்று நிரலுக்குத் தெரிவதில்லை. மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் ஹெட்செட்டில் வெறுங்கையைக் கண்டுகொள்ளும் வசதி 2019 கடைசியில் வந்தது. இரு கைகளும் தொட்டுக்கொண்டாலும் தடுமாறாமல் இருப்பதற்கான மேம்பாடு 2022-இல்தான் வந்து சேர்ந்தது.

சுட்டி வேண்டாம், விசைப்பலகை வேண்டாம், மனிதரோடு பழகுவது போலவே கணினியோடும் பழகலாம் என்பதுதான் இந்தத் துறையின் வாக்குறுதி. ஆனால் மனிதரோடு பழகும் முறை ஊருக்கு ஊர் மாறுகிறது. யாருடைய கையையும் பேச்சையும் பார்த்து இயந்திரம் பழகிக்கொள்கிறதோ, அவர்களுக்குத்தான் அது இயல்பாக இருக்கும். இதை மலேசியாவின் ஜொகூரில் இருந்துகொண்டு யோசிப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. மூன்று நான்கு மொழிகளும் அவற்றின் கைச்சாடைகளும் ஒரே தெருவில் புழங்கும் மாநிலம் இது. இந்தத் துறையில் நெடுநாளாக வேலை செய்யும் ஆய்வுக்கூடங்களும் இங்கேயே இருக்கின்றன.

ஸ்கூடாயில் இருக்கும் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைத்தான் சொல்கிறேன். அதன் வைக்யூப்லேப் ஆய்வுக்குழுவும், முகமட் ஷாரிசால் சுனார் தலைமையில் உருவான மேஜிக்எக்ஸ் மையமும் கணினி உருவங்களோடு மனிதர் பழகும் வழிகளைத் தொடர்ந்து ஆராய்ந்திருக்கின்றன. கணினி மனிதனின் உணர்ச்சியை விளையாடுபவர் தொடுவுணர்வாலும் அறிய முடியுமா என்று கேட்ட இக்குழுவின் கட்டுரை 2008-இலேயே சிங்கப்பூர் மாநாடு ஒன்றில் வந்துவிட்டது. அக்குழுவைச் சேர்ந்த அகமட் ஹொய்ருல் பாசோரி 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதைவிட ஒரு படி மேலே போனது. மூளையின் மின்னலைகள், முகத் தசைகளின் இறுக்கம், கையுறையின் அசைவு ஆகிய மூன்றையும் சேர்த்து ஒரு கணினி மனிதனை இயக்கினார் அவர். இயக்குபவரின் உணர்ச்சி மாறும்போது அந்த உருவத்தின் முகபாவம் மட்டுமல்ல, நடையும் மாறியது.

இதில் வேலையைப் பங்கிட்ட விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. என்ன உணர்ச்சி என்பதை மூளையலையும் தசையும் சொல்கின்றன. அது எவ்வளவு என்பதைக் கையுறை சொல்கிறது. இப்படிப் பிரிக்க நியாயமான காரணம் உண்டு. மண்டையோட்டுக்கு வெளியே கிடைக்கும் மூளையலை ஒரு வோல்ட்டைப் பத்து லட்சமாகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்குதான் இருக்கும். கண் சிமிட்டினாலோ பல்லைக் கடித்தாலோ எழும் மின்சாரம் அதைவிடப் பல மடங்கு பெரியது. மூளையலை ஆய்வாளர்கள் பொதுவாக அதை இரைச்சல் என்று வடிகட்டி எறிந்துவிடுவார்கள். ஆனால் கோபம் வந்தவர் பல்லைக் கடிப்பதே ஒரு செய்திதான். அதை எறியாமல் தனிச் செய்தியாக எடுத்துக்கொண்டது இந்த ஆய்வு. இவ்வளவு மெலிந்த சமிக்ஞையிலிருந்து ‘கொஞ்சம் கோபம்’, ‘கடுங்கோபம்’ என்று அளவு பிரிப்பது கடினம் என்பதால், அந்தப் பொறுப்பைக் கைக்குத் தந்தது பொருத்தம்தான். நடையை மாற்றியதும் சரியான முடிவு. கோபமாக வருகிறவரை வாசலில் கேட்கும் செருப்புச் சத்தத்திலேயே வீட்டில் இருப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். முகம் மட்டும் சினந்து, கால் சாவகாசமாக நடந்தால் அந்த உருவத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

கையும் பேச்சும் சேர்ந்து வேலை செய்வது இதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு ஆர்வம். எதிரே இருக்கும் மேசைமேலேயே கணினிப் பொருள்களைக் காட்டும் மிகைமெய்யில் சைகையையும் குரலையும் இணைப்பது பற்றி அஜூன் வானிஸ் இஸ்மாயிலும் ஷாரிசாலும் 2015-இல் எழுதினார்கள். இதற்கு முன்னோடி, அமெரிக்காவின் எம்ஐடியில் ரிச்சர்ட் போல்ட் 1980-இல் செய்து காட்டிய ஏற்பாடு. நாற்காலியில் உட்கார்ந்தபடி பெரிய திரையை நோக்கிக் கை நீட்டி, ‘அதை எடுத்து அங்கே வை’ என்றால் உருவம் நகரும். ‘அதை’ என்ற சொல் மட்டும் போனால் கணினிக்கு ஒன்றும் புரியாது. கை மட்டும் நீண்டால் என்ன செய்யவேண்டும் என்று தெரியாது. இரண்டையும் எந்தக் கணத்தில் கோப்பது என்பதுதான் சிக்கல். சொல் வாயிலிருந்து வருவதற்கு முன்பே பெரும்பாலும் கை கிளம்பிவிடுகிறது. அதனால் நிரல் ஒவ்வொரு அசைவுக்கும் நேரக்குறி போட்டு, பின்னால் வரும் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. குரலைப் பாதியும் கையைப் பாதியும் தவறாகப் புரிந்துகொண்டாலும், ஒன்றை வைத்து மற்றொன்றைத் திருத்திக்கொள்ள முடியும்.

இப்போது ஜொகூர் பாரு உணவகம் ஒன்றுக்கு வருவோம். “அண்ணே, தே தாரேக் ரெண்டு, ஒண்ணு கூராங் மானிஸ், ரெண்டும் புங்குஸ்.” தேநீர் இரண்டு, அதில் சீனி குறைவாக ஒன்று, இரண்டையும் கட்டிக்கொடுங்கள் என்று கடைக்காரருக்கு ஒரு நொடியில் விளங்கிவிடும். தமிழ் இலக்கணத்தில் மலாய்ச் சொற்கள் உட்கார்ந்திருக்கும் இந்த வாக்கியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய குரலறி நிரல்களில் பல, முதலில் ஒரு மொழியைத் தேர்ந்துகொண்டு அதன் சொற்களை மட்டும் தேடுகின்றன. தமிழைத் தேர்ந்தால் ‘கூராங் மானிஸ்’ கெட்டது. மலாயைத் தேர்ந்தால் மற்றதெல்லாம் கெட்டது. இங்கே பிறந்து வளர்ந்தவருக்கு இது கலப்பு என்ற உணர்வே கிடையாது. அவருடைய பேச்சே அதுதான்.

கையிலும் இதே கதை. மலாய்க்காரப் பெரியவரிடம் வழி கேட்டால், வலக்கை விரல்களை மடக்கி, மேலே வைத்த கட்டை விரலால் திசை காட்டுவார். ஆள்காட்டி விரலை நீட்டுவது அவர்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. ஆனால் சுட்டுதல் என்றாலே ஆள்காட்டி விரல் என்று கற்ற நிரலுக்கு, மடக்கிய விரல்கள் எதையோ பிடிப்பதாகவோ, தூக்கிய கட்டை விரல் ‘சபாஷ்’ சொல்வதாகவோ தோன்றும். நம் தலையசைவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பக்கவாட்டில் லேசாக ஆட்டினால் ‘சரி’ என்று நமக்குத் தெரியும். மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம், இடவலமாக ஆட்டினால் இல்லை என்று மட்டும் படித்த கணினி மனிதன், நாம் ஒப்புக்கொண்டதை மறுப்பாக எடுத்துக்கொள்வான். அவனே இடக்கையால் ஒரு பொருளை நீட்டினால், வாங்குகிற பாட்டிக்கு மனம் ஒப்புமா? நடனப் பள்ளிகளில் நம் பிள்ளைகள் பழகும் பரதநாட்டியத்தில் ஒற்றைக்கை முத்திரைகளே 28. பல ஹெட்செட்டுகளில் கைக்கு இருக்கும் வேலையோ கிள்ளுவது, பிடிப்பது, சுட்டுவது என்று சுருங்கிக் கிடக்கிறது.

வேகமும் ஒரு கேள்வி. பத்து மொழிகளில் உரையாடல்களை அளந்து 2009-இல் வெளியான ஆய்வின்படி, ஒருவர் முடித்து அடுத்தவர் பதில் தொடங்கச் சராசரியாக ஆகும் இடைவெளி சுமார் 0.2 நொடி. எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே அவர் எங்கே முடிப்பார் என்று ஊகித்துவிடுவதால்தான் நம்மால் இது முடிகிறது. கணினி மனிதனோ குரலை எழுத்தாக்கி, பதிலைத் தயாரித்து, அதைக் குரலாக்கி, உதட்டசைவையும் பொருத்த வேண்டும். அந்தக் கணக்கீடு அமெரிக்க மேற்குக் கரையில் நடந்தால், 14,000 கிலோமீட்டர் தூரத்தை ஒளியிழையில் போய்த் திரும்பவே குறைந்தது 0.14 நொடி கரைந்துவிடும். ஜொகூரிலேயே உள்ள கூலாயில் நடந்தால் அந்த நேரம் கணக்கிலேயே வராது. அந்தக் கூலாயில்தான் ஒய்டிஎல் நிறுவனம் என்விடியாவோடு சேர்ந்து செயற்கை நுண்ணறிவுக்கான கணினி மையத்தை அமைப்பதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. ஜொகூரில் இப்படித் தரவு மையங்கள் வரிசையாக எழும்பிக்கொண்டிருக்கின்றன. இயந்திரம் நம் மாநிலத்துக்கே வந்துவிட்டது. அதற்குக் கற்றுக்கொடுக்கும் குரல்களிலும் கைகளிலும் நம்முடையவை எத்தனை என்பதை நாம் உரக்கக் கேட்க வேண்டும்.

இது விளையாட்டுக்காரர்களின் கவலை மட்டும் அல்ல. பக்கவாதத்துக்குப் பிறகு கையை மீண்டும் பழக்குவதற்கு மெய்நிகர் பயிற்சிகள் உலகின் பல மருத்துவமனைகளில் பயன்படுகின்றன. திரையில் வரும் உருவம் ‘மாம்பழத்தைக் காட்டுங்கள்’ என்று சொல்லும், நோயாளி கை நீட்டுவார், நிரல் மதிப்பெண் போடும். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த ஒரு மூதாட்டி அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். பல காலம் மலாய் அண்டை வீட்டாரோடு பழகியதால் கட்டை விரலால்தான் காட்டுகிறார், ‘அந்தா இருக்கு’ என்று தமிழில் சொல்கிறார், தலையையும் ஆட்டுகிறார். மூன்றும் சரியான பதில்கள். மூன்றுக்கும் சுழியம் போடும் கருவியைக் கொடுத்தால், கை தேறவில்லை என்று அவர் குறிப்பேட்டில் ஏறும். அவரைப் போன்றவர்களை அழைத்து, சம்மதம் கேட்டு, பேசவும் கை அசைக்கவும் வைத்துப் பதிவு செய்ய ஸ்கூடாயைவிட வசதியான இடம் கிடைக்காது. பல்கலைக்கழக வாசலிலிருந்து அவர்கள் வீடுகள் வெகுதூரம் இல்லை.